காதுக்காரர் சொல்லும் ‘சரி’

ஆம்ப்ளிஃபயர் செய்கிறவர்களில் இரண்டு ரகம் உண்டு. மீட்டர் சொல்வதை நம்புகிறவர்கள் ஒரு ரகம், தன் காது சொல்வதை நம்புகிறவர்கள் இன்னொரு ரகம். இரண்டு ரகமும் ஒரு இடத்தில் சந்தித்தால் பேச்சு சீக்கிரமே தடித்துப்போகும். அப்படிப்பட்ட இரண்டு பேர் கல்யாணம் செய்துகொண்டு, ஒரே வீட்டில் தொழிலும் நடத்தினார்கள் என்றால் நம்புவது கஷ்டம்தான். ஆனால் நடத்தினார்கள், நன்றாகவே நடத்தினார்கள்.

வீட்டின் கீழ்த்தளம் பட்டறை. அங்கே மனைவி வைத்ததுதான் சட்டம். நீள மேஜையில் சோதனைக் கருவிகள் வரிசையாக நிற்கும். அவற்றுக்குப் பின்னால் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டுக்கொண்டு அவள் உட்கார்ந்திருப்பாள். அவள் கையால் அளந்து பார்க்காத எந்த ஆம்ப்ளிஃபயர் பெட்டியும் மாடி ஏறாது. அங்கே சால்டரிங் வேலை பார்த்த இரண்டு பேரும் அவளை மீட்டரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள்.

மாடி அறை கணவருடையது. தடித்த கம்பளம், கனமான திரைச்சீலை, சுவர் முழுக்கப் புத்தக அலமாரி, ஆள் உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர், நடுவில் ஒரே ஒரு சுழல் நாற்காலி. அந்த நாற்காலியில் உட்கார்ந்து அவர் கண்ணை மூடிக் கேட்டு, வாயைத் திறந்து ‘சரி’ என்று சொன்னால்தான் பெட்டி வீட்டை விட்டு வெளியே போகும். வாடிக்கையாளர்கள் அவருக்கு வைத்த பெயர் காதுக்காரர். அந்தப் பெயரை யாராவது சொன்னால் மனிதர் வெட்கப்படுகிற மாதிரி பாவனை செய்வார். உள்ளுக்குள் குளிர்ந்துபோவார்.

அவர் உயிரைக் கொடுத்துக் கேட்பது ட்ரெபிளைத்தான். ட்ரெபிள் என்றால் ஒலியின் உச்சிப் பகுதி. சாவிக்கொத்து குலுங்குவது, பாடுகிறவர் மூச்சு இழுப்பது, ‘ச’ சொல்லும்போது நாக்கு நுனியில் கிளம்பும் சீறல், எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. அது குறைந்தால் பாட்டு போர்வைக்குள் இருந்து வரும், கூடினால் காதைக் குத்தும். “ஸ்பீக்கர் பாடுதுன்னு தெரியக் கூடாது, ஆள் பாடுதுன்னுதான் தெரியணும்” என்பார். பெட்டிக்குள் ஒரு குட்டித் திருகு இருக்கிறது. வலது பக்கம் திருப்பினால் ட்ரெபிள் ஏறும், இடது பக்கம் திருப்பினால் இறங்கும். அதை மயிரிழை மயிரிழையாகத் திருப்பிப் பாதி நாளைக் கழிப்பார்.

அந்த நேரம் மீட்டரம்மா எதிரே, பாட்டுப் போடும் கருவியின் பக்கத்தில் நிற்க வேண்டும். முன்பெல்லாம் அப்படி இல்லை. கண்ணை மூடுவார், கேட்பார், ‘சரி’ என்பார், முடிந்தது. கொஞ்ச காலமாக ஒரு புதுப் பழக்கம் சேர்ந்திருந்தது. பாட்டு முடிந்ததும் கண்ணைத் திறந்து முதலில் அவள் முகத்தைப் பார்ப்பார். அவள் தலையாட்டுவாள். அதற்குப் பிறகுதான் ‘சரி’ என்பார். வயதாக ஆக மனிதருக்குப் பாசம் கூடிவிட்டது என்று அவள் நினைத்துக்கொண்டாள். சரி சொன்ன கையோடு திருகின் தலையில் ஒரு சொட்டு சிவப்பு நெயில் பாலிஷ் வைத்துவிடுவார். அந்த வீட்டில் நெயில் பாலிஷுக்கு இருந்த ஒரே வேலை அதுதான். சிவப்பு வைத்த திருகின் மேல் இன்னொருவர் கை வைப்பது அங்கே நடக்காத காரியம்.

போன மழைக்காலத்தில் பட்டறைக்குப் புது விளக்கு மாட்டினார்கள். மாட்டியதிலிருந்தே அது ஊசி மாதிரி மெல்லிய குரலில் கீச்சென்று கத்திக்கொண்டே இருந்தது. மீட்டரம்மாவுக்குப் பல் கூசியது. சால்டரிங் ஆட்கள் இரண்டு பேரும் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டார்கள். அப்போது காதுக்காரர் மாடியிலிருந்து இறங்கி வந்தார். சரியாக அந்த விளக்குக்கு அடியில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து டீயை ரசித்துக் குடித்தார்.

“என்ன, எல்லார் காதுலயும் பஞ்சு? ஒட்டுமொத்தமா சளி பிடிச்சிருக்கா?” என்றார்.

சால்டரிங் ஆட்களில் ஒருவன் சிரிக்கப் போனான். மீட்டரம்மா பார்த்த பார்வையில் சிரிப்பை அப்படியே விழுங்கினான்.

“ஆமாங்க, ஈரக்காத்து ஒத்துக்கல” என்றாள் அவள். அவரிடம் அவள் சொன்ன முதல் பெரிய பொய் அதுதான். மறுநாளே விளக்கை மாற்றிவிட்டாள்.

அன்றைக்கு அவர் மாடி ஏறியதும், அவர் ‘சரி’ சொல்லி மூட்டை கட்டத் தயாராக இருந்த பெட்டிகளை இறக்கி மறுபடி அளந்து பார்த்தாள். திரையில் கோடு மேஜைப் பலகை மாதிரி நேராக ஓட வேண்டும். ஓடியது, உச்சிச் சத்தத்தைக் காட்டும் வலது கோடிக்குப் போனதும் தலையைத் தூக்கியது. அடுத்த பெட்டியில் இன்னும் கொஞ்சம் தூக்கியது. அவருக்கு உச்சிச் சத்தம் கேட்பது குறையக் குறைய, குறைந்ததைத் திருகில் சேர்த்துக்கொண்டே போயிருக்கிறார். தனக்கு வெளிச்சம் போதவில்லை என்று நினைத்துக்கொண்டு ஊரார் கண்ணிலெல்லாம் டார்ச் அடித்துக்கொண்டிருந்தார் மனிதர்.

சொல்லியிருக்கலாம். சொல்லியிருக்க வேண்டும். சமையலறையில் அடுப்பிடம் பலமுறை சொல்லியும் பார்த்தாள். “என்னங்க, ஒரு தடவை காது டாக்டரைப் பார்த்துட்டு வந்துடலாமா?” அடுப்புக்கு முன்னால் நன்றாக வந்த வார்த்தை அவர் முகத்துக்கு முன்னால் வரவில்லை. காதுக்காரரிடம் காது இல்லை என்றால் மிச்சம் என்ன இருக்கும்? அதனால் அவர் கண்ணைத் திறந்து பார்க்கும்போதெல்லாம் தலையாட்டினாள். காதுக்குள் ஊசி இறங்கினாலும் முகத்தில் காட்டாமல் ஆட்டினாள்.

பெட்டிகள் திரும்பி வர ஆரம்பித்தன. செய்தி வாசிக்கிறவர் ‘ச’ சொல்லும்போதெல்லாம் பாம்பு சீறுகிறது என்று ஒரு வீட்டு அம்மாள் போனில் சொன்னார். காதுக்காரர் அசரவில்லை. அவர்கள் வீட்டுத் தரை வழவழப்பு, ஸ்பீக்கர் மட்டம், கம்பி மட்டம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் வைத்திருந்தார். அவள் மென்று விழுங்கினாள்.

இந்தச் சமயத்தில்தான் அந்த டீலர் வருவதாகச் சொன்னார். புது மாடலைத் தன் கடைகளில் வைப்பதற்கு முன்னால் நேரில் கேட்க வேண்டுமாம். “எனக்கு ரெண்டு காதும் கண்ணாடி மாட்டத்தாங்க. கேக்குறதெல்லாம் எங்க அக்காதான், அவங்களையும் கூட்டிட்டு வர்றேன்” என்று போனிலேயே சிரித்தார். அக்கா பியானோ சொல்லிக்கொடுக்கிறவர். மீட்டரம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. திரும்பி வந்த பெட்டிகளைப் பற்றி எதையாவது பூசி மெழுகலாம். கேட்கத் தெரிந்த ஒரு பெண் அவர் அறையில் உட்கார்ந்து, அவர் முகத்துக்கு நேராக, ‘இது குத்துது’ என்று சொன்னால் அவர் என்ன ஆவார்?

டீலரையும் அக்காவையும் அழைத்து வர அவர் ஸ்டேஷனுக்குக் கிளம்பினார். வாசலில் கார் சத்தம் தேய்ந்ததும் மீட்டரம்மா மீட்டரைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடினாள். பெட்டியின் மூடியைக் கழற்றினாள். சிவப்பைச் சுரண்டி எடுத்தாள். கோடு மேஜைப் பலகையாகப் படுக்கும் வரை திருகை இடது பக்கம் திருப்பினாள். ஒரு சொட்டு சிவப்பை மறுபடி வைத்தாள். அது காய்வதற்குள் வாசலில் கார் வந்துவிட்டது. அவசரமாக மூடியைப் போட்டு மீட்டரைத் திரைச்சீலைக்குப் பின்னால் தள்ளினாள்.

அவள் போட்ட கணக்கு இது: விருந்தாளிகளோடு வருகிறவர் முன்கூட்டிக் கேட்க மாட்டார். அவர்கள் நன்றாக இருக்கிறது என்பார்கள். பாராட்டில் அவர் மயங்கிவிடுவார். எதையெதையோ அளந்தவள் புருஷனை அளக்க மறந்துபோனாள்.

அக்கா ஒல்லியாக, அதிகம் பேசாதவராக இருந்தார். காதுக்காரர் தன் நாற்காலியை அவருக்குக் கொடுத்துவிட்டு அலமாரியோரம் சாய்ந்து நின்றார். டீலர் கம்பளத்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். மீட்டரம்மா பாட்டைப் போட்டாள். வாத்தியம் எதுவும் இல்லாமல் ஒரு பெண் மட்டும் பாடிய பாட்டு. அக்கா கண்ணை மூடினார். கொஞ்ச நேரத்தில் அவர் உதட்டில் சிரிப்பு வந்தது.

“மூச்சு இழுக்கிறதுகூடத் தெரியுது. பக்கத்துல வந்து நிக்கிற மாதிரி இருக்கு” என்றார் மெதுவாக.

மீட்டரம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தபோது காதுக்காரரின் முகத்தில் ஈயாடவில்லை.

“ஒரு நிமிஷம். பாட்டை நிறுத்து” என்றார் அவர். “என்னமோ ஆயிருக்கு. போர்வையைப் போத்திட்டுப் பாடுற மாதிரி இருக்கு.”

“நல்லாத்தானே இருக்கு” என்றார் அக்கா.

“இல்லம்மா. நான் வெச்சது இது இல்ல.”

ஸ்க்ரூ டிரைவரை எடுத்து மூடியைக் கழற்றினார். திருகின் மேல் விரலை வைத்தார். விரல் நுனி சிவப்பாக வந்தது. அந்த ஈரத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: “இதை யார் தொட்டது?”

குரல் உயரவே இல்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. உண்மையைச் சொன்னால் ஏன் என்று கேட்பார். ஏன் என்பதை இவர்கள் முன்னால் சொல்ல முடியாது.

“நான்தாங்க. தூசி தட்டும்போது கை பட்டு நகர்ந்துடுச்சு. பழைய இடத்துலயே வெச்சுட்டேன்னு நினைச்சேன்.”

அவர் அவளை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு விருந்தாளிகள் பக்கம் திரும்பிச் சிரித்தார். “கீழ்த்தளத்து ஆளுங்களை மாடிக்கு விட்டா இப்படித்தாங்க.” டீலரும் சிரித்தார். காதுக்காரர் திருகை வலது பக்கம் திருப்பினார். கேட்டார், இன்னும் திருப்பினார்.

அதே பாட்டு மறுபடி ஓடியது. அக்காவின் தோள் இரண்டும் மேலே ஏறின. ஒரு கை தானாகக் காதருகே போய், மரியாதைக்காகத் தலைமுடியைச் சரிசெய்துவிட்டு இறங்கியது. காதுக்காரர் கண்ணை மூடிக்கொண்டு முகமெல்லாம் மலர்ந்து நின்றார். பாட்டு முடிந்ததும் கண்ணைத் திறந்து மனைவியைப் பார்த்தார். அவள் தலையாட்டினாள்.

“இப்ப சரி” என்றார்.

டீலர் அக்காவைப் பார்த்தார். அக்கா நாற்காலி நுனிக்கு வந்தார்.

“தப்பா எடுத்துக்காதீங்கய்யா. முன்னாடி இருந்ததுதான் நல்லா இருந்துச்சு. இப்ப ‘ச’ வர்ற எடமெல்லாம் குத்துது.”

“நீங்க மூடின சத்தத்துக்கே பழகிட்டீங்கம்மா. தொறந்து வெச்சா மொதல்ல கொஞ்சம் கூசும்.” அவருக்குக் கோபம் இல்லை, நம்பிக்கைதான் இருந்தது. இப்போதுதானே அவள் தலையாட்டியிருக்கிறாள். “வாய்ப்பேச்சு எதுக்கு? இதுக்கு ஒரு சோதனை வெச்சிருக்கோம். இந்த வீட்டுச் சாவிக்கொத்தை இதே அறையில குலுக்கிப் பதிவு பண்ணியிருக்கேன். ஒரு தடவை சாவியையே குலுக்குவோம், ஒரு தடவை பதிவைப் போடுவோம். நீங்க அந்தப் பக்கம் திரும்பி உக்காந்து எது எதுன்னு சொல்லுங்க. தெரியலைன்னா என் பெட்டி ஜெயிச்சது.”

மீட்டரம்மாவுக்கு உயிர் திரும்பி வந்தது. அக்கா எதையாவது சொல்லட்டும். அது அக்காவின் காது, அவர் காது இல்லை. ஆனால் டீலர் வெள்ளை மனதோடு வாயைத் திறந்தார்.

“எங்க அக்கா சொன்னா நீங்க ஒத்துக்க மாட்டீங்க. நீங்களே உக்காந்து சொல்லுங்களேன். ஊரே உங்களைக் காதுக்காரர்னுதானே சொல்லுது.”

“அவருக்கு எதுக்குங்க, அவர் ஆயிரம் தடவை கேட்டது” என்றாள் மீட்டரம்மா. வார்த்தை கொஞ்சம் வேகமாக வந்துவிட்டது.

“இருக்கட்டும். இதுல என்ன?” என்று அவர் நாற்காலியை வாங்கி, அலமாரியைப் பார்க்கத் திருப்பி உட்கார்ந்துகொண்டார். “எது முதல்லன்னு நீயே பார்த்துக்க. நான் சொல்றது சரியான்னு கடைசியா நீ சொல்லு.”

அவள் கையில் சாவிக்கொத்து கனத்தது. பதிவை முதலில் போட்டால் என்ன சொல்வார், சாவியை முதலில் குலுக்கினால் என்ன சொல்வார் என்று மனது ஓடியது. எப்படிப் போட்டாலும் ஒரே கிணறுதான். சாவியையே குலுக்கினாள். அறைக்குள் சின்னதாக, தெளிவாக, நாளெல்லாம் கேட்கிற அதே சத்தம் விழுந்தது.

காதுக்காரர் தலையைச் சாய்த்துக் கேட்டார். “இது பெட்டி. இன்னும் கொஞ்சம் மூடித்தான் கிடக்கு, பாருங்க. இன்னும் ஒரு இழை ஏத்தணும் போல.”

டீலரின் வாய் திறந்தது. அக்கா ஒரு விரலை உதட்டில் வைத்து அவரை அடக்கினார். பிறகு மீட்டரம்மாவைப் பார்த்தார். அந்தப் பார்வையில் எல்லாம் புரிந்துபோயிருந்தது. குற்றம் சாட்டுகிற பார்வையாக இருந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். பரிதாபத்தைத்தான் தாங்க முடியவில்லை.

சாவிக்கொத்தைச் சத்தமில்லாமல் மேஜை மேல் வைத்துவிட்டுப் பதிவை ஓடவிட்டாள். ஸ்பீக்கரிலிருந்து கண்ணாடி நொறுங்குகிற மாதிரி சாவிகள் கொட்டின. அக்கா இந்தத் தடவை மரியாதை பார்க்கவில்லை, இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்.

“இதுதான் சாவி” என்றார் காதுக்காரர். முதுகுப்புறத்திலிருந்து பார்த்தபோதே அவர் தோள் இறங்கி நிம்மதியானது தெரிந்தது. “கேட்டீங்களா? இதுதான் நிஜம். என்ன, சரியா?”

சொல்லிக்கொண்டே நாற்காலியைச் சுழற்றினார்.

இல்லை என்று சொல்ல அவள் நினைத்தாள். சத்தியமாக நினைத்தாள். ஆனால் மாதக்கணக்காக ஒரே வேலையைச் செய்து பழகிய தலை, அவர் முகம் தெரிந்ததும் தானாக ஆடியது. அவர் பார்த்தார். பதிவு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது, சாவிக்கொத்து மேஜை மேல் அசையாமல் கிடந்தது, அவள் தலையாட்டிக்கொண்டிருந்தாள். கையும் களவுமாகப் பிடிபட்டவள் மாதிரி அவள் பாதியில் நிறுத்தினாள்.

காதுக்காரர் எழுந்து வந்து சாவிக்கொத்தை எடுத்தார். தன் காதோரம் வைத்துக் குலுக்கினார். வேகமாக ஒரு தடவை குலுக்கிவிட்டு மேஜையில் வைத்தார். டீலர் எதையோ சொல்ல வாயெடுத்தார். அக்கா அவர் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டார்.

“எப்போலேருந்து தெரியும்?”

“போன மழையில” என்றாள். “அந்தப் புது விளக்கு கத்திக்கிட்டே இருந்துச்சுங்க. உங்களுக்குக் கேக்கல.”

“அதுக்கப்புறம் போன பெட்டிக்கெல்லாம் தலையாட்டினியே.”

“உங்க மனசு நோகும்னு...”

“எனக்கு அதுக்கு முன்னாடியே சந்தேகம் வந்துடுச்சு” என்றார் அவர். விருந்தாளிகள் இருப்பதையே மறந்துவிட்டவர் போலத்தான் பேசினார். “காலையில ஜன்னலோரம் குருவிச் சத்தம் நின்னுபோச்சு. மரத்தை வெட்டிட்டாங்களோன்னு வெளிய போய்ப் பார்த்தேன். மரம் இருந்துச்சு, குருவியும் இருந்துச்சு, வாயைத் தொறந்து தொறந்து மூடுச்சு. அன்னிலேருந்து என் காதை நான் முழுசா நம்பினதே இல்ல. எதைக் கேட்டாலும் கண்ணைத் தொறந்து உன் முகத்தைப் பார்ப்பேன். நீ ஆட்டினா சரின்னுவேன். மீட்டரை நம்பாதவன்தான் நான். உன்னை நம்பினேன்.”

அவரைக் காப்பாற்றுகிறோம் என்று நினைத்து இத்தனை நாளும் அவர் பிடித்திருந்த ஒரே கைத்தடியை அவளே பொய்யாக்கி வைத்திருந்தாள். மன்னிச்சுடுங்க என்ற வார்த்தைகூட அந்த நேரத்துக்கு மலிவாகத் தெரிந்தது.

அவர் டீலர் பக்கம் திரும்பினார். “நீங்க முதல்ல கேட்டது இவ வெச்சது. அதுதான் சரி. ரெண்டாவதா கேட்டது நான் வெச்சது. எனக்கு உச்சிச் சத்தம் கேக்கிறதில்லைங்க.” எங்கேயும் குரல் உடையவில்லை. டீலர் தலையைக் குனிந்துகொண்டார்.

பிறகு காதுக்காரர் பெட்டியின் முன்னால் மண்டியிட்டு ஸ்க்ரூ டிரைவரைத் திருகில் வைத்தார். “அந்தப் பாட்டைப் போடு. கேட்டுட்டு வாயால சொல்லு. தலையை ஆட்டாதே.”

அவள் போட்டாள். பாட்டு முதல் ‘ச’வுக்கு வந்ததும் முகம் சுளித்தது. அவள் அதை மறைக்கவில்லை.

“குத்துதுங்க” என்றாள்.

இடது பக்கம் திருப்பினார். “இப்ப?”

“இன்னும் குத்துது.”

மறுபடி திருப்பினார். ஒவ்வொரு திருப்பலுக்கும் பாடுகிற பெண் அவரை விட்டு ஒரு அறை தள்ளிப் போவது அவர் முகத்திலேயே தெரிந்தது. முதலில் மூச்சு போயிருக்கும், பிறகு ‘ச’ போயிருக்கும், கடைசியில் கதவுக்குப் பின்னால் யாரோ முனகுகிற மாதிரிதான் அவருக்குக் கேட்டிருக்கும். நிறுத்தட்டுமா என்று அவர் கேட்கவில்லை. இப்ப, இப்ப என்று மட்டும் கேட்டார்.

“போதும்” என்றாள் அழுதுகொண்டே. “இப்ப பக்கத்துல நிக்கிறாங்க.”

அவர் கையை எடுத்தார். தனக்கு எதுவும் தெளிவாகக் கேட்காத அந்தப் பாட்டை, அது முடியும் வரை அங்கேயே மண்டியிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.